வாங்காத காசில் எழுந்த மாடி

வெயிலுமுத்து அண்ணாச்சி வாங்காமல் விட்ட பிட்காயின் எல்லாம் சேர்ந்து, பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அவருடைய ஒற்றைத்தள வீட்டுக்கு மேலே ஆறு மாடியாக எழுந்து நின்றபோது, அதை முதலில் பார்த்தவர் பால்காரர்தான், அவரும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்து, "சத்தமே கேக்கலயே, நல்ல கொத்தனாராத்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு அரை லிட்டர் ஊற்றப் போய்விட்டார்.

வெயில் ஏறுவதற்குள் எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குப் பழைய தீப்பெட்டி ஆபீஸ் தெரு என்று பெயர், இரண்டு மாடிக்கு மேல் உயர்ந்த கட்டடம் எதையும் அது அதுவரை பார்த்ததில்லை. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியதல்ல என்பது பார்த்தவுடனே தெரிந்தது, ஏனென்றால் வெயில் அந்த ஆறு மாடிக்குள்ளும் புகுந்து வெளியே வந்து, கடுங்காப்பி நிறத்தில் தெருவில் படிந்தது, காகங்கள் ஒரு பக்கச் சுவரில் நுழைந்து மறுபக்கச் சுவரில் வெளியேறின. ஆனாலும் வீடு வீடுதான். மாடிக்கு மாடி எவர்சில்வர் கம்பி போட்ட பால்கனி இருந்தது, ரோஸ் நிறக் கிரானைட் இருந்தது, வெளிப்பக்கமாக வளைந்து ஏறும் படிக்கட்டு இருந்தது, உச்சியில் பிள்ளையார் மாடமும் அதற்குக் கீழே தங்க நிறத்தில் 'ராஜகனி இல்லம்' என்ற எழுத்தும் இருந்தன. இதில் எதையுமே அண்ணாச்சி யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் பார்த்த எல்லாருக்கும் அது அவர் ஆசைப்பட்ட வீடு என்று தெரிந்தது.

அண்ணாச்சியின் மனைவி ராஜகனி மதினி, கோலம் போட வெளியே வந்தவர், அண்ணாந்து தன் பெயரை ஒரு முறை வாசித்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு குனிந்து புள்ளி வைக்கத் தொடங்கினார்.

இது எப்படி வந்தது என்று தெருவில் யாரும் கேட்கவில்லை, காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த அந்தப் பழைய வருடத்தில், அண்ணாச்சி இதே தெருவில் ஒரு வாடகைக் கட்டடத்தின் முன்பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்துப் பின்பக்கம் குடியிருந்தார். அங்கே சாயங்காலம் தவறாமல் வரும் ஜெபசிங் என்ற இன்ஜினியரிங் காலேஜ் மாணவன், அண்ணாச்சி சீட்டுப் பணம் எடுத்த செய்தி தெரிந்ததும், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இதுல பாதிய எங்கிட்டக் குடுங்க, நெட்டுல புதுசா ஒரு காசு வந்துருக்கு, வாங்கிப் போடுவோம், கையில தொட முடியாது, ஆனா ஒரு நாள் உலகமே அதப் பத்திப் பேசும்" என்றான். அண்ணாச்சி, "தொட முடியாத காசுக்கு எவம்ல டீ குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு, மொத்தப் பணத்துக்கும் ஒரு பெரிய இன்வெர்ட்டரும் பேட்டரிகளும் வாங்கி வந்து மாட்டினார். ஜெபசிங் இப்போது கனடாவில் இருக்கிறான், வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது, ஏரியில் அவனுக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது, படத்தை அண்ணாச்சிக்கு அனுப்பியிருந்தான். அந்தக் காசு ஒன்றை விற்றாலே எங்கள் ஊரில் நல்ல வீடு ஒன்று வாங்கிவிடலாம் என்று வியாழக்கிழமை டிவியில் சொன்னார்கள். அண்ணாச்சி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். காலையில் மாடி எழுந்திருந்தது, அவ்வளவுதான்.

முதலில் ஏறியது எதிர்த்த டீக்கடை மாசாணம். "ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்று தோளில் துண்டோடு போனவர், மூன்று மாடி விறுவிறுவென்று ஏறி, நான்காவது மாடிப் பால்கனியிலிருந்து கையசைத்தார், அதற்கு மேல் படியில் கால் வைத்தால் கொதிக்கிற பாலின் ஆவியில் வைத்த மாதிரி உள்ளே போகிறது என்று இறங்கி வந்து சொன்னார். அவருக்குப் பின்னால் ஏறியவர்கள் சிலர் ஒரு மாடியோடு நின்றார்கள், சிலர் ஐந்துவரை போனார்கள், சின்னப் பிள்ளைகள் முதல் படியிலேயே கால் புதைந்து கெக்கெக்கே என்று சிரித்தார்கள். இதன் கணக்கை மத்தியானத்துக்குள் மாசாணமே கண்டுபிடித்துவிட்டார்.

"எனக்குப் பைபாஸ்ல ரெண்டு சென்ட் எடம் வந்துச்சுல்லா, வாங்காம விட்டேன்ல, அந்த வருத்தம் நாலு மாடிக்குத்தான் காணும்" என்றார். "அவனவன் விட்டது எவ்வளவோ அம்புட்டுத்தான் ஏற முடியும். அண்ணாச்சிக்கு மட்டும் ஆறும் கணக்கு."

அன்றிலிருந்து தெருவில் யார் எந்த மாடிவரை போவார் என்பது யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சந்தனராஜ் சார், எந்த விழாவில் மைக்கைக் கொடுத்தாலும் தன் வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லுகிறவர், ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தார், பிறகு ஒரு மத்தியானம் தெருவே தூங்கிக்கொண்டிருந்தபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, ஆறாவது மாடியில் ரயில் தண்டவாளம் தெரிகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தார். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு தினமும் பேப்பரோடு அங்கேதான். நான் இரண்டாவது மாடிவரை போனேன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெருநாய் ஒன்று முதல் மாடி வராந்தாவில் போய்ப் படுத்துக்கொண்டது, அது எதை விட்டதோ.

பொருட்களுக்கும் இதே சட்டம்தான் என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். மனதாரப் பிடித்து வாங்கிய பொருள் எதுவும் அங்கே நிற்காது, தரை வழியாக நழுவிக் கீழே வந்துவிடும், ஏன் வாங்கினோம் என்று நொந்துகொண்ட பொருள் பாறை மாதிரி நிற்கும். ஒரு வீட்டில் துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட டிரெட்மில்லை நான்கு பேர் தூக்கிப்போய் மூன்றாவது மாடியில் வைத்தார்கள், அசையவில்லை. பொருட்காட்சியில் வாங்கிய மந்திரத் தோசைக்கல், ஆடித் தள்ளுபடியில் எடுத்து வீட்டுக்கு வந்ததும் நிறம் மாறித் தெரிந்த சேலைகள், மச்சினனுக்காக வாங்கிய மசாஜ் நாற்காலி எல்லாம் ஒவ்வொன்றாக மேலே போய்ச் சேர்ந்தன, எங்கள் வீடுகளில் திடீரென்று நடமாட இடம் கிடைத்தது. ஆகாத சேலையை விரித்து அதன் மேல் மோர்மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள், ஐந்தாவது மாடியில் காற்று சுகமாக அடித்ததால் ஒரே பகலில் காய்ந்தது. கொசு அங்கே ஏறவே இல்லை. கத்திரி வெயிலில் உள்ளே எப்போதும் மழை பெய்து முடிந்த மாதிரி குளிர்ச்சி இருந்தது. இரண்டாவது மாடியில் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துப் பேசி ஒரு சம்பந்தம் முடிந்தது, மினிபஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தை ஆறுமாடி, ஆறுமாடி என்று கூவத் தொடங்கினார், எட்டயபுரத்திலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள், மாசாணம் கடைக்கு இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார், வரி போட வந்த நகராட்சி அலுவலர் டேப்போடு ஏறி ஐந்தாவது மாடியில் வெகுநேரம் நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அளக்காமல் இறங்கிப் போனார்.

காசின் விலை ஏறினால் வீடும் ஏறியது. இதற்காக யாரும் போனைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை, பல் தேய்க்கும்போது அண்ணாந்து பார்த்தால் போதும். ஒரு சனிக்கிழமை ஏழாவது மாடி வந்தது, தெருப் பையன்கள் வெடி போட்டார்கள். விலை விழுந்தால் ஒரு மாடி கரைந்தது, அப்போது அதில் இருந்தவர்கள் அடுத்த மாடியில் மெத்தென்று வந்து இறங்கி, "இன்னைக்கு எறக்கம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

வெயிலுமுத்து அண்ணாச்சி முதல் இரண்டு நாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் யாரோ, "வீடு பிரமாதம் அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துக் குலுக்க, அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அவரே வருகிறவர்களைக் கூட்டிப்போய், இது ஹால், இது பூஜை ரூம், இது மகள் ஹரிணிக்கு, இது கார் வந்தால் டிரைவர் தங்க, என்று காட்டத் தொடங்கினார், காட்டக் காட்ட அவருக்கு வருத்தம் கூடியது, கூடக் கூட வீடு பளபளத்தது. சாப்பிட மட்டும் கீழே வந்தார். பிரவுசிங் சென்டர் இப்போது வீட்டு முன்பக்கத்தில் ஜெராக்ஸ் கடையாகவும் ஆன்லைனில் மனுப் போட்டுக் கொடுக்கும் கடையாகவும் மாறியிருந்தது, அதை மதினிதான் திறந்தார், மதினிதான் பூட்டினார். அவர் ஒரு நாளும் மேலே போகவில்லை, கோபமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், கேட்டால், "அதுக்கு எங்க நேரம்" என்பார்.

சித்திரை முடியும்போது அண்ணாச்சிக்கு அந்த யோசனை வந்தது. காலம் இன்னும் கடந்துபோகவில்லை, காசு இன்னும் ஏறத்தான் போகிறது, கீழே இருக்கிற வீட்டை விற்று மொத்தத்தையும் அதில் போட்டுவிட்டால் மேல் வீடு நிஜமாகவே கைக்கு வந்துவிடும். புரோக்கர் நல்லசிவம் மறுநாளே வந்து மாசாணம் கடையில் உட்கார்ந்துவிட்டார், விலையும் பேசிவிட்டார், பார்ட்டி தயார், அட்வான்ஸ் தயார் என்றார். ஒரே ஒரு சங்கடம், கீழ் வீடு ராஜகனி மதினி பெயரில் பதிவாகியிருந்தது.

"வித்துட்டு எங்க இருக்குறது?" என்று மதினி கேட்டார். கடையில் யாருடைய ஆதாரையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேலதான். இம்புட்டுப் பெரிய வீடு இருக்கு, கேள்வி கேக்கா பாரு."

"கீழ உள்ளத வித்துட்டா மேல உள்ளது எதும்மேல நிக்கும்?"

அண்ணாச்சி யோசித்தார். டீ கொண்டு வந்த மாசாணம் அவருக்காகப் பதில் சொன்னார். "இப்ப மட்டும் எதும்மேல நிக்குது மதினி? விட்டதும்மேலதான நிக்குது."

"அதான் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கு மட்டும் அந்தப் பணத்துல போயும் போயும் ஒரு இன்வெர்ட்டர வாங்காம இருந்திருந்தா."

"அது இன்னும் ஓடுது" என்றார் மதினி. ஜெராக்ஸ் மெஷின் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் அப்போது கரண்ட் இல்லை.

இந்த இடத்தில்தான் அண்ணாச்சியின் அக்கா சுப்புத்தாய் சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கு இந்தக் குடும்பத்தின் எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரே காரணம்தான். வாடகைக் கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லித் திடீரென்று காலி பண்ணச் சொன்னபோது, இன்வெர்ட்டர் இருந்ததால் ஊரே இருண்ட நேரத்திலும் ஓடிய பிரவுசிங் சென்டரின் வருமானத்தை வைத்து, அகப்பட்ட இந்தச் சின்ன வீட்டை வாங்கி, வேறு வழியில்லாமல் ஆடி மாதத்தில் சட்டிபானையைத் தூக்கி வந்தார்கள். ஆடியில் யாராவது குடிபுகுவார்களா? பால் காய்ச்சவில்லை, பந்தி வைக்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்றார்கள், பிறகு என்பது வரவே இல்லை. "பால் பொங்காத வீட்டுல காசு எப்பிடிப்பா தங்கும்?" என்று சுப்புத்தாய் அத்தை பார்க்கும்போதெல்லாம் கேட்பார். இப்போது மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு (அவர் ஐந்தாவது மாடிவரை போனார், மூச்சுக்கூட வாங்கவில்லை), "அந்தத் தப்ப இதுலயும் பண்ணீராதீங்க. முறையாப் பால் காச்சுங்க. பால் பொங்கிருச்சுன்னா எந்த வீடும் நிஜ வீடுதான்" என்றார்.

இதைக் கேட்டதும் தெருவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வைகாசியில் நாள் பார்த்தார்கள். மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி. மேல பால் பொங்குச்சுன்னா கையெழுத்துப் போடுறேன்" என்றார். நல்லசிவம் அன்று கூடுதலாக ஒரு வடை சாப்பிட்டார்.

அந்த வைகாசிக் காலையை எங்கள் தெரு மறக்காது. முந்தின நாளே வாழைமரம் கட்டியாயிற்று, திருஷ்டிப் பூசணிக்குக் கண்ணும் மீசையும் வரைந்து முதல் மாடியில் தொங்கவிட்டாயிற்று, ரேடியோ செட்காரர் இரண்டு குழாயைக் கட்டி வைத்தார், விலையும் அன்று பார்த்து ஏறியிருந்ததால் வீடு ஏழு மாடியாக, விடிகிற வெளிச்சத்தில் சர்பத் பாட்டில் மாதிரி மின்னியது. அவரவர் தங்களால் முடிந்த மாடியில் புதுத்துணியோடு போய் உட்கார்ந்தார்கள். ஏழாவது மாடியில் சந்தனராஜ் சாரும், மடியில் அட்வான்ஸ் பையோடு புரோக்கர் நல்லசிவமும், நடுவில் பட்டுவேட்டியோடு வெயிலுமுத்து அண்ணாச்சியும். அடுப்புக்கு யோசனை பண்ணி, ஒரு வீட்டில் வாங்கிய நாளிலிருந்தே தகராறு செய்துகொண்டிருந்த ஒரு ஸ்டவ்வைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், அது அங்கே பாறை மாதிரி நின்றது. இனி வீட்டுக்காரி பால் செம்போடு வலது காலை எடுத்து வைத்து ஏறி வரவேண்டியதுதான் பாக்கி.

மதினி அரக்குச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, பித்தளைச் செம்பில் பாலோடு வந்து படிக்கட்டின் முன்னால் நின்றார். சுப்புத்தாய் அத்தை, "வலது கால்" என்றார். மதினி வலது காலை எடுத்து முதல் படியில் வைத்தார். கால் படி வழியாக இறங்கித் தெருமண்ணில் போய் நின்றது.

சின்னப் பிள்ளைகள் மட்டும் கைதட்டினார்கள்.

"சரியா வைக்கலட்டி, அழுத்தி வையி" என்றார் அத்தை. மதினி அழுத்தி வைத்தார், கால் வேகமாக உள்ளே போனது. செய்தி முதல் மாடிக்குப் போய், முதல் மாடி இரண்டாவது மாடிக்குச் சொல்லி, மாடி மாடியாக ஏறி ஏழாவது மாடிக்குப் போனது. "ராஜகனிக்குக் கால் நிக்கலயாம்." மேலிருந்து அண்ணாச்சியின் பதில் அதே வழியில் இறங்கி வந்தது. "எதையாவது விட்டுட்டோமேன்னு நெனச்சுக்கிட்டு ஏறச் சொல்லுங்க."

இப்படியாக, நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்க, தெருவே கூடி ஒரு பெண்ணுக்கு வருத்தப்படச் சொல்லிக்கொடுத்தது.

"உங்க அய்யா நகை கொறச்சுப் போட்டாருல்லா, அத நெனைங்க மதினி."

மதினி கண்ணை மூடி நினைத்தார். "இருந்ததப் போட்டாக, பாவம்" என்று காலை வைத்தார். உள்ளே போனது.

"டீச்சர் டிரெயினிங் சீட்டு கெடைச்சும் போகலியே, அது?"

"அதுல கொஞ்சம் இருக்கும்" என்று மதினியே நம்பிக்கையோடு காலை வைத்தார். படி ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது, கூட்டம் ஓ என்றது, பிறகு கால் மெதுவாகப் புதைந்தது. "போயிருந்தா இந்தக் கடையில ஒக்காந்துருக்க மாட்டேன். எனக்குக் கடையிலதான் இருப்புக்கொள்ளுது" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"இன்வெர்ட்டர், மதினி, இன்வெர்ட்டர்" என்று நான்காவது மாடியிலிருந்து மாசாணம் கத்தினார். "அதுக்குப் பதிலாக் காச வாங்கியிருந்தா இன்னைக்கு ஏரிக்கரையில இருப்பீக."

மதினி இதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். "ஹரிணி கைப்பிள்ளையா இருந்தா" என்றார் கடைசியில். "கத்திரி வெயில். தெருவுல கைப்பிள்ளைக்காரிக எல்லாம் பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான வந்தீக. ஓடுன ஃபேன் அது ஒண்ணுதான். பாய் முழுக்கப் பிள்ளைகளா, வெள்ளரிக்கா மாதிரி வரிசையாக் கெடந்துச்சுக. அத எப்பிடி வேண்டாம்னு நெனைக்க?" சொல்லிக்கொண்டே காலை வைத்தார், அது முழங்கால்வரை போய்விட்டது. பால்கனிகளில் நின்ற பெண்கள் சிலர், அந்த வெள்ளரிக்காய்கள் வளர்ந்து கீழே கைதட்டிக்கொண்டு நிற்பதை எட்டிப் பார்த்தார்கள்.

செம்பில் பால் தளும்பிக்கொண்டிருந்தது. நேரம் போகிறது என்று அத்தை கையைப் பிசைந்தார். அப்போதுதான் மாசாணம், வழக்கம்போல எதையும் யோசிக்காமல், "கடைசியா ஒண்ணு இருக்கு மதினி. அண்ணாச்சியக் கட்டுனத நெனச்சுப் பாருங்க, நேரா ஏழாவது மாடிதான்" என்றார்.

தெரு குலுங்கிச் சிரித்தது. மதினியும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, இதையும் விட்டுவைப்பானேன் என்கிற மாதிரி, கண்ணை மூடி, எல்லாவற்றையும் விட நீளமாக நினைத்தார், ரேடியோ செட்காரர்கூடப் பாட்டை நிறுத்திவிட்டார், பிறகு வலது காலை எடுத்து வைத்தார்.

படி இருந்த அடையாளமே அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

இந்தச் செய்தி மட்டும் மேலே போக நேரமாயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு மாடியும் அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் அடுத்த மாடிக்குக் கொடுத்தது. ஆறாவது மாடியில் ஒரு பெரியவர் படிக்கட்டில் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "ஒங்களக் கட்டுனத நெனச்சும் கால் நிக்கலயாம், அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். நல்லசிவம், "அதனால என்ன, வேற யாராவது காச்சலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவரைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்தார், பட்டுவேட்டியின் கரை தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, நெல்லுக்குள் இறங்குகிற மாதிரி மெதுவாக, சந்தனராஜ் சார் கையை நீட்டினார், அண்ணாச்சி பிடித்துக்கொள்ளவில்லை. ஆறாவது மாடியின் கூரையிலிருந்து அவருடைய பாதங்கள் வந்ததைப் பந்திக்குக் காத்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஐந்தாவது மாடியில் அவர் காய்ந்த மோர்மிளகாய்க்கு நடுவில் இறங்கினார், நான்காவதில் மாசாணம், "அண்ணாச்சி, எங்க?" என்று கேட்க, "கீழதான்" என்று பதில் சொல்லிக்கொண்டே போனார், மூன்றாவதில் டிரெட்மில்லைத் தாண்டி, இரண்டாவதில் என்னைத் தாண்டி, அப்போது அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன், பரீட்சையில் பாஸ் என்று நெட்டில் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் மறுபடி நம்பரைப் போட்டுப் பார்க்கிற பையன்களின் முகம் அது, முதல் மாடியில் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது, அதையும் தாண்டி, தன் சொந்த வீட்டுச் சமையலறையில், சிமென்ட் தரையில், வந்து நின்றார்.

மதினி அதற்குள் உள்ளே வந்திருந்தார். காய்ச்ச என்று எடுத்த பாலைத் திருப்பி ஊற்றக் கூடாது என்று அத்தை பதறியதால், நேரம் தப்புவதற்குள், கைக்கு எட்டின தன் அடுப்பிலேயே செம்பை ஏற்றிவிட்டிருந்தார்.

"கனி" என்றார் அண்ணாச்சி. "நெசமாவே நிக்கலயா?"

"தள்ளி நில்லுங்க" என்றார் மதினி. "பால் பொங்குது."

பால் நுரைத்து எழுந்து, விளிம்பில் ஒரு மூச்சு நின்று, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. சுப்புத்தாய் அத்தை, எந்த வீட்டுக்குப் போடுகிறோம் என்ற யோசனையே இல்லாமல், பொங்கலைப் பார்த்த பழக்கத்தில் குலவை போட்டார், வாசலில் நின்ற பெண்கள் அதை வாங்கிப் போட்டார்கள், மாடி மாடியாக அது மேலே ஏறியது. வெகுநாள் கழித்து அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியாயிற்று. எல்லாரும் இறங்கி வந்து, சீனி போட்ட பாலை இரண்டு மடக்கு மூன்று மடக்கு என்று குடித்தார்கள், மேலே வைப்பதாக இருந்த பந்தியைக் கீழே தெருவில் வைத்தார்கள், பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நல்லசிவம் பையோடு கடைசியாக இறங்கி வந்தார். "அண்ணாச்சி, அட்வான்ஸு?"

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். மதினி, "மேல பொங்கலயே" என்றார். "நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க."

நல்லசிவம் சாப்பிட்டார், ஆனால் பாயசத்தில் கை வைக்கவில்லை. இவ்வளவு மலிவாக முடிந்த இடம், நல்ல நாள் பார்த்ததுக்குப் பதிலாக அந்தச் சித்திரையிலேயே கையெழுத்தை வாங்கியிருந்தால், என்று மாசாணத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்கு மேலே வானம் இருந்தது. பால்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அங்க போயிருச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம், புரோக்கர் நல்லசிவம் வீட்டுக்கு மேலே, எட்டு மாடியாக அது நின்றது, மேலே பெயர்கூட மாறியிருந்தது. மோர்மிளகாய் வற்றலும் ஆகாத சேலைகளும் அதோடேயே போயிருந்ததால், பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு கூட்டமாகக் கிளம்பினார்கள், மினிபஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரை மாற்றவேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டார், சந்தனராஜ் சார் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே, பேப்பரை அக்குளில் இடுக்கி, எல்லாரும் பார்க்க நடந்து போனார்.

அண்ணாச்சியும் மதினியும் அன்று சாயங்காலம் தங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். பங்குனியிலிருந்து முந்தின நாள்வரை யாரும் பார்க்காத மாடி அது. வீடு கட்டினவர் என்றைக்காவது மேலே எழுப்பலாம் என்று விட்டுப்போன தூண் கம்பிகள், அந்தப் பெரிய வீட்டின் தரைக்குள் இவ்வளவு நாள் மறைந்து கிடந்தவை, நான்கு மூலையிலும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நின்றன. அண்ணாச்சி ஒவ்வொரு கம்பியாகப் போய் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த எனக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது, அதில் பங்குனி மாதத்துப் பளபளப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"ஒரு ரூம் போடலாம்போல கனி. ஹரிணிக்கு. இன்னும் ரெண்டே மாசத்துல ஆரம்பிச்சிருவமா?"

மதினி கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். கடைசித் துணியையும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாதத்தால் தரையை ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாம்" என்றார். "ஆனா இந்தத் தடவ ஆடி போகட்டும்."